மாதிரி நோயாளி

நவம்பர் 16, 2020. திங்கள்.

காலை பத்து மணிக்குத் தாளாளர் ஜெயவீரன் அழைத்திருந்தார். நான் இந்தக் கல்லூரியின் நூலகராக இருந்து ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகும் வளாகக் குடியிருப்பிலேயே இருக்க அனுமதித்திருக்கிறார். ஆகவே அவர் அழைத்தால் சட்டை மாற்றிக்கொண்டு போவது என் வழக்கம்.

டிசம்பர் ஏழாம் தேதி இறுதியாண்டு மாணவர்கள் விடுதிக்குத் திரும்புகிறார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேர். நான்காம் தேதி ஓர் ஆய்வுக் குழு வந்து நோய்த் தடுப்பு ஏற்பாடுகளைப் பார்க்கும். அவர்கள் சான்று தந்தால்தான் கல்லூரி திறக்கும். குழுவிடம் காட்ட ஒரு வழிகாட்டி நூல் வேண்டும். அதை நான் எழுத வேண்டும்.

"சர்க்குலர் எல்லாத்தையும் படிச்ச ஒரே ஆளு நீங்கதான் சார். மத்தவங்க ஃபார்வர்டு பண்ணாங்க, அவ்ளோதான்."

நான் மருத்துவம் படித்தவனில்லையே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதனாலதான் சார் ஒங்கள்ட்ட கேக்குறேன். டாக்டர்ட்ட கேட்டா தொறக்காதீங்கம்பாரு."

மறுக்கத் தோன்றியது. குரல் வெளியே வருவதற்குள் காபி வந்துவிட்டது.

நவம்பர் 19. வியாழன்.

மொத்தம் நாற்பத்தொரு சுற்றறிக்கைகள். தேதி வாரியாக அடுக்கி, பொருள் வாரியாகப் பிரித்தேன். பதினேழாவது, ஜன்னல்களைத் திறந்தே வைக்கச் சொல்கிறது. இருபத்தொன்பதாவது, கிருமிநாசினிப் புகை போடும்போது மூடியே வைக்கச் சொல்கிறது. எவ்வளவு நேரம் புகை போடுவது என்று இரண்டிலும் இல்லை. "ஜன்னல்கள் உரிய அளவில் திறந்திருத்தல் வேண்டும்" என்று எழுதினேன். உரிய அளவு எது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மதியம் முழுவதும் கவலையாக இருந்தது. யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 21. சனி.

நூல் முடிந்தது. பதினான்கு இயல்கள், நூற்றுப் பதினாலு பக்கங்கள். நூலகத்தில் எண்ணிடுவது போலவே விதிகளுக்கும் புள்ளி வைத்து எண் கொடுத்திருக்கிறேன். கடைசி விதி 14.5.

விதி 9.4 எனக்குப் பிடித்தது என்று சொன்னால் தற்பெருமை ஆகிவிடுமோ தெரியவில்லை. "தனிமை அறைக்கு வெளித் தாழ்ப்பாள் கூடாது. நோயாளியின் கடமை உணர்வே தாழ்ப்பாள்." தாளாளர் படித்துவிட்டுச் சிரித்தார். அந்தக் கதவின் தாழ்ப்பாள் ஏற்கெனவே உடைந்துதான் கிடக்கிறதாம். சரிசெய்யும் வேலை மிச்சம் என்றார்.

அவர் ஒரு விதி சேர்த்தார். 9.7: நோயாளியின் கைப்பேசி கட்டுப்பாட்டு அறையில் ஒப்படைக்கப்பட வேண்டும், வதந்தி பரவாமலிருக்க. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஓரத்தில் பென்சிலால் 'மறுபரிசீலிக்க' என்று குறித்தேன். அச்சுக்குப் போகுமுன் பக்கத்தைச் சுத்தம் செய்தபோது அழித்துவிட்டேன்.

12.1 முழுக்க என்னுடையது. ஒத்திகை நடக்கும் நாட்களில் கட்டுப்பாட்டு அறைக்கு வரும் எல்லா அழைப்புகளையும் ஒத்திகை அழைப்பாகவே கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் யாராவது பதற்றத்தில் ஊரைக் கூட்டிவிடுவார்கள். இதை யோசித்துக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

நவம்பர் 23. திங்கள்.

மெஸ் முன்னால் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டார்கள். ஆசிரியர்கள் வரிசையில் நின்று கையில் கிருமிநாசினி தடவிக்கொண்டு, பிறகு ஒருவர் பின் ஒருவராக ஒரே கருவியில் பெருவிரல் வைத்து வருகையைப் பதிந்தார்கள். இதை விதியில் சேர்க்க மறந்தது என் தவறு. நெற்றியில் காட்டும் வெப்பமானி எல்லாருக்கும் தொண்ணூற்று நான்கு காட்டியது. கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் நம் உடற்கல்வி இயக்குநர் கோட்டைச்சாமிதான், எல்லாரும் பி.டி. சார் என்பார்கள். "எல்லாரும் கூலா இருக்கோம் சார், நல்லதுதான" என்றார்.

மெஸ் பொறுப்பு ஒச்சம்மாளுடையது. இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே சமைப்பவர். அண்டாவில் கபசுரக் குடிநீர் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினார். முகம் சுளித்தவர்களுக்கு இரண்டாம் தம்ளர்.

"லைப்ரரி சாரு, வட்டத்துக்குள்ள நிக்கச் சொல்லிருக்கீக. என் ஒடம்புக்கு ஒரு வட்டம் பத்துமா? ரெண்டாப் போடச் சொல்லுங்க."

"விதியில் ஒருவருக்கு ஒரு வட்டம் என்றுதான் இருக்கிறது அம்மா."

"அப்ப ஒங்களுக்கு மிச்சமாகுறத எனக்குத் தாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகக்கவசம் இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நவம்பர் 25. புதன்.

மழை. வட்டங்கள் அழிந்தன.

நவம்பர் 27. வெள்ளி.

29 முதல் நான்காம் தேதி வரை முழு ஒத்திகை. ஆசிரியர்கள் மாணவர்களாக விடுதியில் தங்குவார்கள். ஒருவர் மட்டும் மாதிரி நோயாளியாகத் தனிமை அறையில் இருக்க வேண்டும். பி.டி. தன் தொப்பியில் பதினான்கு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். வயதுக்கு மரியாதை என்று என்னை முதலில் எடுக்கச் சொன்னார்கள். 'நோயாளி' என்று இருந்தது. மற்றச் சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்றார் பி.டி. ஒரே நோயாளிதான் என்பதால் அது முறைதான்.

நவம்பர் 29. ஞாயிறு.

காலை ஏழு மணிக்குத் தனிமை அறைக்குள் வந்தேன். மெஸ்ஸுக்குப் பின்னாலிருந்த பழைய விருந்தினர் அறை. வாசலில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு. இதை நான் தாண்டக்கூடாது; இதற்கு உள்ளே யாரும் வரக்கூடாது. கழுத்தில் 'மாதிரி நோயாளி' என்ற அட்டை. கைப்பேசியைப் பி.டி. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனார்.

அறையில் உள்ளவை: கட்டில், வெப்பமானி, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி, இன்டர்காம், ஒட்டடைக் கம்பு, வழிகாட்டி நூல் ஒரு பிரதி. பின் ஜன்னலுக்கு நேரே, ஏழெட்டு அடி தூரத்தில், மெஸ்ஸின் மளிகை அறை ஜன்னல். அதிலிருந்து மிளகாய் வற்றல் நெடி வருகிறது.

மணிக்கு ஒரு தடவை இன்டர்காமில் என் வெப்பநிலையைச் சொன்னேன். பி.டி. ஒவ்வொரு தடவையும் விசில் ஊதிவிட்டு எழுதிக்கொண்டார். விசில் ஏன் என்று கேட்கவில்லை.

நவம்பர் 30. திங்கள்.

ஒச்சம்மாள் சாப்பாட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கோட்டுக்கு அப்பால் நின்றார்.

"ஒரு நோயாளி மாதிரியா இருக்கீக? குளிச்சு, திருநீறு பூசி, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள கணக்கா. கமிட்டிக்காரக வரும்போது ரெண்டு இருமலாவது இருமுங்க சார்."

"எனக்கு அப்படி இருமத் தெரியாது அம்மா."

"இந்தா, இப்பிடி" என்று இருமிக் காட்டினார். மிகவும் இயல்பாக இருந்தது. காட்டி முடித்த பிறகும் சிறிது நேரம் இருமினார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "மொளகா வறுத்தேன், கமறிருச்சு" என்றார்.

இன்றைய குழம்பில் மிளகாய் வறுத்துப் போட்டதாகத் தெரியவில்லை. நான் சமையல் தெரிந்தவனில்லை.

டிசம்பர் 1. செவ்வாய்.

காலையில் சாப்பாடு கொண்டுவந்தது பி.டி. ஒச்சம்மாள் எங்கே என்றேன். ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். இட்லி கல் போல் இருந்தது.

பதினோரு மணிக்குப் பின் ஜன்னலில் இருமல் கேட்டது. மளிகை அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து, போர்வைக்குள் ஒச்சம்மாள். முகம் சிவந்திருந்தது.

"ஒண்ணுமில்ல சார், சளிதான், நாலாந்தேதி வரைக்கும் இங்கனயே படுத்துக்கிறச் சொல்லிருக்காக, நீங்க எதையும் கண்டுக்கிறாதீக." இதைச் சொல்லிவிட்டு நின்று மூச்சு வாங்கினார். பதினொரு சொற்கள். எதையும் எண்ணிப் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

பிறகு விட்டுவிட்டுச் சொன்னார். மூன்று நாளாகக் காய்ச்சல். வெளியே தெரிந்தால் சான்று கிடைக்காது. மெஸ்ஸை வெளியாளுக்கு விட்டுவிடுவதாக ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. அதைவிடவும், பிள்ளைகள் எட்டு மாதம் கழித்து வரும் முதல் நாள் சாப்பாட்டை இன்னொருத்தி கையில் விட அவருக்கு மனமில்லை. ஏழாம் தேதி காலை எழுந்து சமைத்துவிடுவாராம்.

இன்டர்காமை எடுத்தேன்.

"கட்டுப்பாட்டு அறை!" விசில்.

"பி.டி. சார், மளிகை அறையில் ஒச்சம்மாளுக்குக் காய்ச்சல். உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்."

"சூப்பர் சார். எழுதிக்கிறேன். காலை பதினொன்னு பத்து, ஒத்திகை அழைப்பு எண் இருவத்தி ஏழு."

"இது ஒத்திகை இல்லை. உண்மை."

"அப்பிடித்தான் சார்! அந்த நடுக்கத்தோடவே இன்னொரு வாட்டி சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிறேன். கமிட்டிக்குப் போட்டுக் காட்டலாம்."

"கோட்டைச்சாமி, அவர் உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியும்."

விசிலை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சார், பன்னெண்டு ஒண்ணு என்ன சொல்லுதுன்னு ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். குரலில் விளையாட்டு இல்லை. வைத்துவிட்டார்.

12.1-ஐ மீண்டும் படித்தேன். சொற்கள் தெளிவாகவே இருக்கின்றன. வேறு பொருள் கொள்ள இடமில்லை.

டிசம்பர் 2. புதன்.

தாளாளரே வந்தார். கோட்டிலிருந்து பத்தடி தள்ளிக் குடை பிடித்து நின்றார். மழை இல்லை, வெயிலும் இல்லை.

"ஒத்திகைல ரொம்ப ஒன்றிட்டீங்கன்னு பி.டி. சொன்னாரு சார்."

ஒச்சம்மாளுக்கு ஒரு சோதனை மட்டும் செய்யலாமே என்றேன். இந்த வாக்கியத்தைக் காலையிலிருந்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ்னு வந்தாலும் வந்துரும். எடுக்காட்டி வராது. ஒங்க புக்லயே போட்டிருக்கீங்களே சார், 'சோதனையில் உறுதி செய்யப்பட்டவரே நோயாளி'ன்னு. எவ்ளோ அழகா எழுதிருக்கீங்க! இன்னும் ரெண்டே நாளு. நாலாந்தேதி சாயங்காலம் நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"மெஸ்ஸில் அவரோடு பத்துப் பேர் வேலை செய்தார்கள். ஏழாம் தேதி மாணவர்கள்..."

"அது கெடக்கட்டும். குவார்ட்டர்ஸ்ல ஒங்களுக்கு எல்லாம் வசதியா இருக்குல்ல சார்? ஓடு எதுவும் ஒழுகுதா?"

ஒழுகவில்லை என்றேன். இவ்வளவு வேலைகளுக்கு நடுவில் என் வீட்டைப் பற்றியும் விசாரித்தார்.

மாலையில் பின் ஜன்னலில் ஒச்சம்மாள் கேட்டார்: "இன்னைக்கி ரசத்துல பூண்டு போட்டாகளா சார், இல்ல மறந்துட்டாகளா?"

ஏழு சொற்கள். பிறகு மூச்சு வாங்கினார். ரசம் எனக்கு வெந்நீர் போலத்தான் இருந்தது, மணமே இல்லை. பி.டி. மேற்பார்த்த சமையல். போட்டார்கள் என்று பொய் சொன்னேன்.

ஒரு மூச்சில் எத்தனை சொல் என்று எண்ணுவது மருத்துவ முறையா என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தொரு சுற்றறிக்கைகளிலும் அது இல்லை. ஆகவே இதற்குப் பொருள் எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

டிசம்பர் 3. வியாழன்.

காலை. "சார்... புள்ளைக எப்ப வருதுக?"

நான்கு.

ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை ஒட்டடைக் கம்பின் நுனியில் நூலால் கட்டி இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே நீட்டினேன். நோயாளியின் அறையிலிருந்து எந்தப் பொருளும் வெளியேறக்கூடாது என்று விதி 9.8 சொல்கிறது. முதல் தடவை அது சுவரில் இடித்தது. இரண்டாம் தடவை அவர் பிடித்துக்கொண்டார். விரலில் மாட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினார். எண்பத்தாறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எண்பத்தாறுதான். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் மருத்துவமனை என்று நானே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன், பக்கம் எழுபத்திரண்டு.

வாசலுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. கோட்டின் அருகே நின்றேன். திரும்பி வந்தேன். மதியத்துக்குள் மூன்று தடவை இப்படி. வெளியே போய் யாரிடம் சொல்வது? எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களிடம் சொல்வதற்கு எந்த விதியும் இல்லை. கத்தலாம். நான் கடைசியாக எப்போது கத்தினேன் என்று யோசித்தேன். நூலகத்தில் முப்பத்தொரு வருடம் 'அமைதி' என்ற பலகையின் கீழே உட்கார்ந்திருந்தவன்.

மூன்று மணிக்கு வழிகாட்டியை முதலிலிருந்து புரட்டினேன். விதி 14.3: ஒத்திகைக் காட்சிகளை நூலாசிரியர் முந்தைய நாள் மாலைவரை திருத்தலாம். இதை எதற்கு எழுதினேன் என்று நினைவில்லை. அச்சுப் பிழை வந்தால் சமாளிக்கலாம் என்றிருக்கும்.

ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு எழுதினேன். பிறகு இன்டர்காம்.

"பி.டி. சார், நாளைக்கு ஒரு காட்சி சேர்க்கிறேன். காட்சி ஆறு. மளிகை அறையில் மூச்சுத் திணறலோடு ஒரு மெஸ் பணியாளர் கண்டறியப்படுகிறார். அவரை ஸ்ட்ரெச்சரில் எடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றுகிறோம்."

"யாரு சார் நடிக்கிறது?"

"ஒச்சம்மாள்."

எழுதி வைத்திருந்ததைப் பார்த்து வாசித்தேன்: "நாளை குழுவினர் மளிகை அறையையும் பார்ப்பார்கள். அது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. உள்ளே ஓர் அம்மா படுத்துக் கிடந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?"

"ஜெனரேட்டர் ரூமுக்கு மாத்திரலாம்னு இருந்தோம்."

"அங்கே இருமினாலும் கேட்கும். காட்சியில் இருந்தால் இருமலாம். நடிப்புதானே."

"சார்" என்றார். "இது எங்க யாருக்கும் தோணலையே சார்! கிளைமாக்ஸே மாறிப் போச்சு. தாளாளர் ஐயாட்ட இப்பவே சொல்றேன். வாடகைக்குச் சொல்லிருக்க ஆம்புலன்ஸ் கிரவுண்ட ஒரு சுத்துச் சுத்தி பின் கேட்டுல வந்து எறக்கிட்டுப் போகட்டும்."

"ஒரு சுற்று" என்றேன்.

என் வெப்பநிலை இன்று 99.8. கல்லூரி வெப்பமானியை நம்ப முடியாது.

டிசம்பர் 4. வெள்ளி. (மருத்துவமனையில் இருந்து எழுதுகிறேன். இந்த நாட்குறிப்பு சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.)

முறைப்படி வரிசையாக எழுத முயல்கிறேன்.

10.40. குழுவினர் மூவர் மெஸ்ஸுக்கு வந்தார்கள். தலைவர் ஓர் அம்மையார், கையில் குறிப்பட்டை. பி.டி. விசில் ஊதினார். மளிகை அறையைத் திறந்தார்கள்.

10.45. ஒச்சம்மாளை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. என் வாசலிலிருந்து பார்த்தேன். தலைவர் அம்மையார் குனிந்து, "மேக்கப் எல்லாம் போட்டிருக்கீங்களா? நல்லா நடிக்கிறீங்கம்மா" என்றார். ஒச்சம்மாள் அவரைப் பார்த்து, "தண்ணி" என்றார்.

ஒன்று.

கூட்டம் கைதட்டியது. மாணவர்களாக நடித்த ஆசிரியர்கள் அவரவர் வட்டத்துக்குள் நின்று தட்டினார்கள். நேற்றுத்தான் வட்டங்களைப் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

10.47. ஸ்ட்ரெச்சரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான் கோட்டைப் பார்த்தேன். அதன் மேல் காலை வைத்தால் பெயின்ட் ஒட்டுமோ என்று ஒரு கணம் நினைத்தது நினைவிருக்கிறது. காய்ந்து ஆறு நாள் ஆகியிருந்தது. தாண்டிவிட்டேன்.

பி.டி. மூன்று தடவை விசில் ஊதினார். தாளாளர், "சார், ஒங்க காட்சி முடிஞ்சிருச்சு சார்!" என்றார். தலைவர் அம்மையார் என் அட்டையைப் படித்துவிட்டு, "நோயாளி தப்பிக்கிற காட்சியும் இருக்கா? வெரி குட்" என்று எதையோ குறித்துக்கொண்டார். நான் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினேன். இரண்டாம் தடவைதான் அது மூடியது.

வண்டியில் ஆக்ஸிஜன் உருளை இருந்தது. திறந்து பார்த்தேன். காலி. ஒத்திகைக்குத்தானே என்று வெறுமனே அனுப்பியிருக்கிறார்கள்.

வண்டி மைதானத்தில் திரும்பியது. ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும்.

"தம்பி, முன் கேட்டு வழியாகப் போங்கள். டவுன் பெரியாஸ்பத்திரிக்கு."

"கிரவுண்டச் சுத்தி பின் கேட்டுல விடச் சொன்னாக சார்."

"இல்லை. ஆஸ்பத்திரிக்கு."

"யாரு சார் சொன்னது?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். எப்போதும் போலக் குரல் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"விதி பதினாலு புள்ளி ஆறு."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் கழுத்து அட்டையையும் பார்த்தார். "ரூலு இருந்தாச் சரி" என்று சொல்லி வண்டியை முன் கேட்டுப் பக்கம் ஒடித்தார். சைரனையும் போட்டார்.

பத்தொன்பது கிலோமீட்டர். ஒச்சம்மாளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். விதிப்படி ஆறடி. அளக்கவில்லை.

டிசம்பர் 5. சனி.

ஒச்சம்மாள் வந்து சேர்ந்தபோது ஆக்ஸிஜன் அளவு எழுபத்தெட்டு. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இப்போது முகமூடி வழியாக ஆக்ஸிஜன் போகிறது.

எனக்கும் சோதனை செய்தார்கள். மாலையில் முடிவு வந்தது. செவிலியர் என் கழுத்திலிருந்த அட்டையைக் கத்தரித்து எடுத்து மஞ்சள் கூடையில் போட்டார். "இனி இது வேண்டாம் ஐயா. நெசமாவே வந்துருச்சு" என்றார். ரசத்தில் மணமில்லை என்று நினைத்ததற்குக் கோட்டைச்சாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சுகாதார ஆய்வாளர் வந்து, கடந்த பத்து நாட்களில் நீங்களும் அந்த அம்மாவும் யார் யாரிடம் பழகினீர்கள், நினைவிருக்கும்வரை சொல்லுங்கள் என்றார். இந்த நாட்குறிப்பை எடுத்தேன். நாற்பத்து மூன்று பெயர்கள். தேதி, நேரம், எத்தனை அடி தூரம், முகக்கவசம் உண்டா இல்லையா. அவர் எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. "இப்பிடி ஒரு ஆளு ஊருக்கு ஒருத்தர் இருந்தாப் போதும் சார்" என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. என் பட்டியலில் முதல் பெயர் தாளாளருடையது. குடை பிடித்து நின்றவர், பத்தடி. அதையும் சொன்னேன்.

குடியிருப்பில் என் புத்தகங்களை எத்தனை பெட்டியில் அடைக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டேன். இருபத்தாறு.

டிசம்பர் 7. திங்கள்.

கோட்டைச்சாமி மருத்துவமனை வாசல் வரை வந்து என் கைப்பேசியை உறையோடு கொடுத்தனுப்பிவிட்டு, அழைத்தார். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே வேப்பமரத்தடியில் சிறியதாகத் தெரிந்தார். கழுத்தில் விசில் இல்லை.

"சார், சான்று வந்துருச்சு. 'மிகச் சிறந்த தயார்நிலை, தத்ரூபமான ஒத்திகை'ன்னு பாராட்டு வேற. ஒரே ஒரு குறை போட்டிருக்காங்க. 'ஆம்புலன்ஸ் குறித்த நேரத்தில் திரும்பவில்லை.'"

"கல்லூரி திறந்துவிட்டார்களா?"

"தெறக்கவா? கேட்ல தகரம் அடிச்சிட்டாங்க சார். மெஸ்ல பதினோரு பேருல எட்டுப் பேருக்குப் பாசிட்டிவ். ஒரு பக்கம் சான்று ஒட்டிருக்கு, அதுக்குப் பக்கத்துலயே சுகாதாரத் துறை நோட்டீசு. தாளாளர் ஐயா வீட்லயே இருக்காரு. அவருக்கும் வந்துருச்சு. புள்ளைகளுக்கு வர வேணாம்னு நான்தான் ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டேன். நூத்திப் பதினெட்டு."

மரத்தடியில் அவர் தலை குனிந்திருப்பது தெரிந்தது.

"அந்த அம்மா எப்பிடி சார் இருக்கு?"

"நேற்று இரண்டு சொல். இன்று ஐந்து."

"அன்னைக்கி நீங்க ஃபோன்ல சொன்னப்பவே எனக்குத் தெரியும் சார். இருந்தாலும் எழுதிக்கிட்டேன், ஒத்திகை அழைப்புன்னு. ஒங்க ரூலு வசதியா இருந்துச்சு."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

கூடவே ஓர் உறையும் வந்திருக்கிறது. தாளாளர் கையெழுத்திட்ட குறிப்பாணை. விதி 9.4-ஐ மீறியது ஏன்? எந்த விதியின்கீழ் ஆம்புலன்ஸ் வெளியே கொண்டுசெல்லப்பட்டது? ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். விளக்கம் நிறைவளிக்காவிட்டால் குடியிருப்பு பற்றி மறுபரிசீலிக்கப்படும். அந்தச் சொல்லை நான் ஒருகாலத்தில் பென்சிலால் எழுதி அழித்தேன்.

டிசம்பர் 12. சனி.

ஒச்சம்மாளைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். எனக்கு நாளை விடுவிப்பு. நடந்து போய்ப் பார்க்க அனுமதித்தார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்துவிட்டார். ஒரு வட்டம் இப்போது போதும்.

விளக்கக் கடிதம் இரண்டு நாளாக நிற்கிறது. 9.4-ஐ மீறினேன் என்று ஒப்புக்கொள்ள ஒரு வரி போதும், எழுதிவிட்டேன். எந்த விதியின்கீழ் என்ற கேள்விக்குத்தான் பதில் வேண்டும். ஓட்டுநரிடம் சொன்ன 14.6 நூலில் இல்லை. ஆனால் சொல்லிவிட்டேன், வண்டியும் போய்விட்டது. ஆகவே அதை இப்போது எழுதுவதுதான் முறை. நாலு விதமாக எழுதினேன். "ஒத்திகைக் காலத்தில் மெய்யான நோய்க்குறிகள் தென்படுமிடத்து, உரிய அலுவலரின் ஒப்புதலுக்கு உட்பட்டு" என்று தொடங்கியது ஒன்று. ஒப்புதல் என்ற சொல்லை அடித்தேன். உரிய என்பதையும் அடித்தேன். எழுதியதில் மிச்சம் எதுவும் நிற்கவில்லை.

ஒச்சம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"மூச்சு வாங்குனா வண்டிய எடுன்னு எழுதுங்க சார், இதுக்குப் போயி நூத்திப் பதினாலு பக்கமா எழுதி எங்கள வட்டத்துக்குள்ள நிக்க வச்சீக?"

பதினாறு சொற்கள். நடுவில் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

முதல் நான்கை அப்படியே விதி 14.6 என்று எழுதிக்கொண்டேன்.